உறக்கத்தில் வரும் விறைப்பை வீட்டிலேயே கவனிப்பது எப்படி?

மனைவியுடன் இருக்கும்போது விறைப்பு வரவில்லை என்று தவிப்பவர், லேகிய விளம்பரத்தில் உள்ள எண்ணை அழைப்பதற்கு முன், உறக்கத்தில் தம் உடல் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

நலமான ஆணுக்குக் கண்கள் இமைக்குள் வேகமாக அசையும் கனவுத் தூக்கக் கட்டங்களில், ஓர் இரவில் 3 முதல் 5 முறை வரை விறைப்பு ஏற்படும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம் நீடிக்கலாம். இதற்குக் காமக் கனவு தேவையில்லை. கைக்குழந்தைக்கும் இது உண்டு. விடியற்காலையில் நாம் காண்பது பெரும்பாலும் அவற்றுள் கடைசியானதையே.

முதலில் இரண்டு வாரம், எழுந்தவுடன் விறைப்பு இருந்ததா, எவ்வளவு உறுதியாக இருந்தது என்று குறித்துவையுங்கள். கனவுக் கட்டம் முடிந்தபின் விழித்தால் எதுவும் தெரியாது என்பதால், ஓரிரு நாள் இல்லாததைப் பொருட்படுத்த வேண்டாம். ஐயம் நீடித்தால், 1980இல் மருத்துவ இதழில் வெளியான அஞ்சல்தலை முறை இருக்கிறது: துளையிட்ட ஓரங்களால் இணைந்த நான்கைந்து அஞ்சல்தலைகள் கொண்ட பட்டையை, தளர்ந்த நிலையில் உள்ள உறுப்பைச் சுற்றி, இறுக்காமல் வைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் முனையை மட்டும் ஈரப்படுத்தி ஒட்டி, உள்ளாடை அணிந்து உறங்க வேண்டும். மூன்று இரவுகள் செய்யுங்கள். அந்நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது (மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்). காலையில் துளைவரிசை கிழிந்திருந்தால் உறுப்பு பருத்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு விறைத்தது என்பதை இது சொல்லாது. புரண்டு படுத்தாலும் கிழியலாம்.

உறக்கத்தில் உறுதியாக வந்து, உறவின்போது மட்டும் வராவிட்டால், நரம்பும் ரத்தக்குழாயும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பதற்றமோ மனவருத்தமோதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் வராவிட்டால், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். பலத்த குறட்டை இருப்பதையும் மனச்சோர்வு மாத்திரைகள் எடுப்பதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்; இவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆணுறுப்பின் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத் தமனியோ 3 முதல் 4 மில்லிமீட்டர் விட்டமுடையது என்பதால், அடைப்பு பல நேரங்களில் இங்கேதான் முதலில் தெரியவரும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள், மருந்துக் கடையில் கேட்டு, விறைப்புக்கான மாத்திரையான சில்டெனாஃபிலை வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும்.