காருக்குப் பின்னால் சைக்கிள்: ஹிட்ச் ரேக் வாங்குவது முதல் பொருத்துவது வரை

பிட்ஸ்பர்க்கில் தொடங்கி மேரிலாந்தின் கம்பர்லேண்ட் வரை 150 மைலுக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. பெயர் கிரேட் அலெகெனி பாசேஜ். பழைய ரயில் தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சுண்ணாம்புக்கல் பொடியைப் பரப்பி இறுக்கிய பாதை. ரயில் ஓடிய இடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது, பிள்ளைகளும் மிதித்துவிடுவார்கள். அதில் எங்கள் வீட்டுக்குப் பிடித்த பகுதி, யாக்ககேனி ஆற்றை ஒட்டி ஒஹையோபைல் ஊர்ப்பக்கம் வருவது. வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்.

சைக்கிள்களை அங்கே எப்படிக் கொண்டுபோவது? டிக்கியில் ஒன்று படுக்கும், இரண்டாவதை வைத்தால் பிள்ளைகளுக்கு இடமில்லை. காரின் கூரையில் ஏற்றத் தோளில் பலம் வேண்டும். மறதியாக கராஜுக்குள் ஓட்டிவிட்டால் சைக்கிளும் போச்சு, கதவும் போச்சு. டிக்கிக் கதவில் வார் போட்டுக் கட்டும் ரேக் விலை மலிவு, ஆனால் பெயிண்டைத் தேய்த்துவிடும். இதையெல்லாம் பார்த்த பிறகு ஹிட்சில், அதாவது டிரெய்லரை இழுக்கக் காரின் பின்னடியில் பொருத்தும் இரும்புச் சட்டத்தில், செருகும் ரேக்தான் என்று முடிவு செய்தோம். அமெரிக்காவிலோ கனடாவிலோ முதல்முறை வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள்

பின் பம்பருக்குக் கீழே, நடுவில், சதுர வாய் கொண்ட இரும்புக் குழாய் இருக்கிறதா? அதுதான் ஹிட்சின் ரிசீவர். ரேக்கின் கம்பி அதற்குள்தான் நுழையும். பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருக்கவும் கூடும்.

இருந்தால் டேப்பை வைத்து வாயின் உட்புற அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஒன்றேகால் இஞ்ச் அல்லது இரண்டு இஞ்ச், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். பெரிய பிக்கப் லாரிகளில் இரண்டரையும் உண்டு. ரிசீவர் இல்லையென்றால் தனியாக வாங்கிப் பொருத்தலாம், அதைக் கீழே சொல்கிறேன். அப்படி வாங்கும்போது உங்கள் காருக்கு இரண்டு இஞ்ச் கிடைத்தால் அதையே எடுங்கள். நல்ல ரேக்குகள் அதிகம் வருவது அந்த அளவில்தான்.

ஒன்றேகாலை இரண்டாக மாற்றும் அடாப்டரும் கடையில் கிடைக்கிறது. வாங்காதீர்கள் என்பதே என் யோசனை. அது ரேக்கை இன்னும் பின்னுக்குத் தள்ளிவிடும், எடை தாங்கும் அளவும் குறையும். பல ரேக் நிறுவனங்களின் கையேட்டிலேயே கூடாது என்று போட்டிருக்கிறார்கள்.

2. எடைக் கணக்கு

ரேக்கின் படத்தையும் விலையையும் பார்க்கும் முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட மாட்டார்.

ஹிட்சின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண், எவ்வளவு எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம் என்பது. அது நமக்கு வேண்டாம். சின்ன எண், ஹிட்சை எவ்வளவு எடை கீழ்நோக்கி அழுத்தலாம் என்பது. ஆங்கிலத்தில் டங் வெயிட் என்பார்கள். நமக்கு வேண்டியது இதுதான். காரின் கையேட்டிலும் இதே எண் தனியாக இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. ஹிட்ச் 350 பவுண்டு தாங்கினாலும் கார் 150 என்றால் 150தான்.

எங்கள் கார் ஒரு சின்ன எஸ்யூவி, எல்லை 150 பவுண்டு. பெரியவர்கள் சைக்கிள் இரண்டும் தலா 30 பவுண்டு. இரண்டு சைக்கிளைத் தட்டில் நிறுத்திக் கொண்டுபோகும் ரேக் (தட்டு ரேக்) 55. கூட்டினால் 115, தாராளம். பிள்ளைகளின் சைக்கிள் தலா 22. நான்கையும் ஏற்ற நான்கு சைக்கிள் தட்டு ரேக் பார்த்தேன், ரேக் மட்டுமே 100 பவுண்டை நெருங்குகிறது. மொத்தம் இருநூறைத் தாண்டிவிடும். ஆசையாக இருந்தாலும் அதை விட்டுவிட்டோம். இப்போது பெரிய சைக்கிள் இரண்டும் ரேக்கில், பிள்ளைகளுடையவை முன் சக்கரத்தைக் கழற்றிப் பின் சீட்டுக்குப் பின்னால்.

இந்த எல்லையை ஏன் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்? கிணற்று ஏற்றத்தில் மரத்தின் நுனியைப் பிடித்து அழுத்தினால் கொஞ்சம் பலமே போதும் அல்லவா? அதே கதைதான். டிரெய்லரின் எடை ஹிட்சுக்குப் பக்கத்திலேயே உட்காரும். சைக்கிளோ இரண்டு மூன்று அடி பின்னால் நிற்கிறது. சாலையில் ஒரு பள்ளம் வந்தால் அந்த நுனி மேலும் கீழும் உதறும், அந்த உதறல் முழுவதும் ரிசீவரில்தான் வந்து விழும்.

மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும்: ஒரு சைக்கிளுக்கு ரேக் எவ்வளவு தாங்கும் என்பது. நல்ல தட்டு ரேக்குகள் பலவற்றில் அது 60 பவுண்டு. கனமான மின்சார சைக்கிள் அதைத் தாண்டிவிடும். பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் ஏழெட்டு பவுண்டு குறையும்.

3. தொங்கவிடுவதா, நிறுத்துவதா

ரேக்கில் இரண்டு வகை. ஒன்றில் இரண்டு கைகள் நீண்டிருக்கும். சைக்கிளின் பாரை அதில் மாட்டித் தொங்கவிட வேண்டும். மற்றதில் சக்கரங்களை ஒரு தட்டில் நிறுத்தி, முன் டயரின் மேல் ஒரு கொக்கியை இறக்கிப் பிடிக்க வேண்டும்.

நாங்கள் முதலில் வாங்கியது தொங்கும் வகை. விலை பாதி, எடையும் குறைவு. ஆனால் மகளின் சைக்கிளில் பார் கிடையாது, நம் ஊர் லேடீஸ் சைக்கிள் போலச் சரிந்த சட்டம். எப்படி மாட்டினாலும் ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கியது. அன்று ஒஹையோபைலில் இறக்கும்போது அதன் பின் டயரைத் தொட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, ரப்பர் பளபளவென்று இளகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்து அப்படியே நின்றது. சாய்ந்து தொங்கிய சக்கரம் சைலன்சர் குழாயின் வாய்க்கு நேரே வந்திருக்கிறது, ஒன்றரை மணி நேரமும் அந்தச் சூட்டில் வெந்திருக்கிறது. அந்த டயரோடு அவளைப் பாதையில் விட மனம் வரவில்லை. அன்று முழுவதும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தாள்.

பார் இல்லாத சைக்கிளுக்குப் போலி பார் என்று ஒரு கம்பி கிடைக்கிறது, ஹேண்டிலுக்கும் சீட் குழாய்க்கும் நடுவே மாட்டலாம். வீட்டில் எல்லாமே சாதாரண இரும்பு, அலுமினிய சைக்கிள் என்றால் தொங்கும் ரேக் போதும். கார்பன் ஃப்ரேமைத் தொங்கவிடாதீர்கள். பிடி அழுத்தும் இடத்தில் விரிசல் விடலாம். குட்டையான சைக்கிள், கார்பன், மின்சாரம் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தட்டு ரேக்தான். மட்கார்டு இருந்தால் மட்டும், கொக்கி அதை நசுக்காமல் டயரைப் பிடிக்குமா என்று கடையிலேயே உங்கள் சைக்கிளை ஏற்றிப் பாருங்கள்.

4. ரிசீவர் இல்லாத காருக்கு

பல கார்களில் சட்டத்துக்கு அடியில் நட்டுகளைத் தொழிற்சாலையிலேயே பற்றவைத்திருப்பார்கள். துளை போடாமலே ஹிட்சை அதில் முடுக்கிவிடலாம். உங்கள் காரின் ஆண்டையும் மாடலையும் சொன்னால் பொருந்தும் ஹிட்ச் எது என்று விற்பவர்கள் சொல்வார்கள். கூடவே வரும் விளக்கத் தாளை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பரைக் கழற்றி இறக்க வேண்டுமா, பம்பரின் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெட்ட வேண்டுமா என்பது அதில்தான் இருக்கும். வெட்ட வேண்டும் என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

நீங்களே செய்வதென்றால் துணைக்கு ஓர் ஆள் கட்டாயம். ஹிட்ச் முப்பது நாற்பது பவுண்டு இருக்கும், மல்லாந்து படுத்துக்கொண்டு ஒருவரே தூக்கிப் பிடித்து போல்டும் போட முடியாது. சைலன்சர் நன்றாக ஆறியிருக்கட்டும். காரைத் தூக்கினால் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது.

பென்சில்வேனியாவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுகிறார்கள், அதனால் இங்கே துருதான் பெரிய வேலை. முதல் நாள் மாலையே நட்டுகளுக்குள் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் சின்னக் குழாய் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து எடுங்கள். எங்கள் காரில் செம்மண் குழம்பு போல வழிந்தது. போல்டை முதலில் கையால் மட்டுமே முடுக்குங்கள். எனக்கு இரண்டாவது சுற்றிலேயே இறுகிவிட்டது. ஸ்பேனர் போட்டுத் திருகியிருந்தால் மரை போயிருக்கும், சட்டத்தில் பற்றவைத்த நட்டை மாற்றவும் முடியாது. பின்னால் சுற்றி எடுத்து, மறுபடி தேய்த்து, மறுபடி முயன்றேன். நான்காவது தடவை தடையில்லாமல் போனது.

எல்லா போல்டும் கையால் ஏறிய பிறகு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் எடுங்கள். தாளில் எந்த அளவு போட்டிருக்கிறதோ அந்த அளவு, மாற்றி மாற்றி இரண்டு பக்கமும். அந்தக் கருவி இல்லையென்றால் வாகன உதிரிபாகக் கடைகள் சிலவற்றில் முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம். ஓர் ஐம்பது மைல் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்த்துவிடுங்கள்.

5. ரேக்கைச் செருகுதல்

ரேக்கின் கம்பியை ரிசீவருக்குள் தள்ளி, இரண்டின் துளையும் நேராக வந்ததும் ஹிட்ச் பின்னைக் குறுக்கே செருகுங்கள். மறுமுனையில் கிளிப் அல்லது பூட்டு. கிளிப் "டக்" என்று உட்கார வேண்டும்.

இந்த ஹிட்ச் பின், ரேக்கைக் கழன்று விழாமல் தடுக்கும், ஆட்டத்தை நிறுத்தாது. குழாய்க்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியில் ரேக் லொடலொடக்கும். அதற்காக எல்லா நல்ல ரேக்கிலும் ஓர் இறுக்கி இருக்கும். சிலவற்றில் திருகும் குமிழ், சிலவற்றில் மரை போட்ட ஹிட்ச் பின். முதலில் பின், அப்புறம்தான் இறுக்கி. முடித்ததும் ரேக்கின் நுனியைப் பிடித்து பலமாக ஆட்டிப் பாருங்கள். ரேக் ஆடினால் கார் முழுவதும் சேர்ந்து ஆட வேண்டும். ரேக் மட்டும் தனியாக ஆடினால் இன்னும் இறுக்கவில்லை என்று அர்த்தம்.

6. சைக்கிளை ஏற்றுதல்

கனமானது காரை ஒட்டி, லேசானது வெளியே. தண்ணீர்ப் புட்டி, பம்பு, பை, குழந்தை சீட் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வையுங்கள். சைக்கிளுக்கு உறை போட்டு ஓட்டாதீர்கள், நெடுஞ்சாலைக் காற்றில் அது பாய்மரம் ஆகிவிடும்.

சக்கரங்களைத் தட்டில் நிறுத்திக் கொக்கியை முன் டயரின் மேல் இறக்கி அழுத்துங்கள், டயர் லேசாக அமுங்கும் வரை. கொக்கி தொடுவது டயரை மட்டும்தான் இருக்க வேண்டும், பிரேக்கையோ சட்டத்தையோ தொடக்கூடாது. பின் சக்கரத்துக்கு வார் போடுங்கள். இரண்டாவது சைக்கிளைத் திசை மாற்றி நிறுத்துங்கள். ஹேண்டில் மற்றதன் சீட்டில் முட்டினால் தட்டைப் பக்கவாட்டில் நகர்த்தலாம், அதுவும் போதாவிட்டால் சீட்டை இறக்கலாம். பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் உரசாத இடம் கிடைத்துவிடும்.

7. கிளம்பும் முன்

சைலன்சர் வாய்க்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று குனிந்து பாருங்கள். ஓர் அடியாவது விட்டு நிறுத்தப் பாருங்கள். நம்பர் பிளேட்டையும் விளக்கையும் ரேக் மறைக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அது உங்கள் மாநிலத்தில் அபராதத்துக்குரியதா என்பதைப் போக்குவரத்துத் துறையின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். பின்பக்க சென்சார் உள்ள கார் ரிவர்ஸ் எடுக்கும்போது சைக்கிளையே தடை என்று நினைத்து பிரேக் போட்டுவிடக்கூடும், அந்த நேரத்துக்கு மட்டும் அதை அணைத்து, யாரையாவது இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து மைல் போனதும் ஓர் ஓரமாக நிறுத்தி, வார், கொக்கி, பின் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். புது ரேக் முதல் சில மைலில் கொஞ்சம் இடம் பிடித்து உட்காரும், அப்போது இறுக்கியில் கால் சுற்றாவது பாக்கி இருக்கும்.

நவம்பர் வந்து உப்பு வண்டிகள் சாலையில் இறங்கியதும் நாங்கள் ரேக்கைக் கழற்றி கராஜில் நிறுத்திவிடுவோம். ஹிட்ச் பின்னில் கொஞ்சம் கிரீஸ், ரிசீவர் வாய்க்கு பிளாஸ்டிக் மூடி. அப்படிச் செய்தால் ஏப்ரலில் கம்பி கையாலேயே உள்ளே போகும்.