சால்மன் தோலை டீயில் பதனிடுவது எப்படி?

ஈரச்சந்தையில் சால்மன் வாங்கும்போது தோலைத் தனியே உரித்துத் தரச் சொல்லுங்கள். எனக்கு மீன்கார அண்ணன் இரண்டு நீளத் தோலைச் சும்மாவே கொடுத்தார். "வறுக்கவா?" என்றார். சில்லறைப் பை தைக்க என்றதும் சிரித்துவிட்டார். ரஷ்ய-சீன எல்லையில் ஓடும் அமூர் ஆற்றங்கரையின் நானாய் பழங்குடி மக்கள் இதில் சட்டையே தைத்திருக்கிறார்கள்!

ஒட்டியிருக்கும் சதையை வழித்தெடுங்கள். கத்தி வேண்டவே வேண்டாம், கிழித்துவிடும். பழைய எவர்சில்வர் கரண்டியின் விளிம்பு போதும். செதிலையும் அதே கரண்டியால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டுங்கள். செதில் இருந்த குட்டிக் குட்டி மடிப்புகள் நிற்கட்டும், அழகே அதுதான். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் குளிர்ந்த நீரில் மூன்று முறை அலசுங்கள்.

அடுத்து டீ. நான் கோட்டைவிட்டது இங்கேதான். வெதுவெதுப்பாக இருக்கும்போதே தோலைப் போட்டேன். கண்ணெதிரே சுருண்டு, ஓரமெல்லாம் பசையாகிவிட்டது. குளிர்நீர் மீனின் தோல், மாட்டுத்தோல் தாங்கும் சூட்டைத் தாங்காது. அதனால் 1 லிட்டர் நீரில் 4 தேக்கரண்டி டீத்தூள், 1 மேசைக்கரண்டி உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, குளிர்பெட்டியில் வைத்துச் சில்லென்று ஆன பிறகே தோலை இறக்குங்கள். நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையின் 30 டிகிரியை நம்பாமல் டப்பாவையும் உள்ளேயே வையுங்கள். தினம் நாலைந்து முறை கிளறி, இரண்டு நாளுக்கொருமுறை டீயைக் கடுமையாக்குங்கள். எடுத்த எடுப்பிலேயே கடுங்கஷாயத்தில் போட்டால் மேல்புறம் இறுகி, உள்ளே பச்சையாகவே நின்றுவிடும்.

விலை உயர்ந்த டீ வீண். துவர்ப்புதான் முக்கியம். ஊரில் தோல்ஷாப்புகளில் ஆவாரம்பட்டை செய்த வேலை இது.

ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. எனக்கு 12 நாள் ஆனது.

பிறகு அலசி, துணியில் ஒற்றி, முட்டை மஞ்சள்கருவும் கொஞ்சம் ஆலிவ் எண்ணெயும் அடித்துப் பூசுங்கள். மின்விசிறிக் காற்றில் காயும்போதே இழுத்து, கசக்கி, நாற்காலி முதுகில் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியே விட்டுத் தூங்கப்போனால் காலையில் அப்பளம்தான்.

பின்சேர்க்கை: பூஞ்சை பூத்தது என்று இருவர் எழுதியிருந்தார்கள். டீயைக் கொட்டி, தோலை அலசி, உப்போடு புது டீ போடுங்கள். காய்ந்த பிறகும் மீன் வாடை அடித்தால் கொழுப்பைச் சரியாக வழிக்கவில்லை. கொடுவாத் தோலிலும் செய்யலாம், தடிமன் என்பதால் நாள் கூடும். அதன் செதிலைக் குளியலறையில் உட்கார்ந்து சுரண்டுங்கள். அம்மா இன்னமும் எங்கள் அடுப்புக்குப் பின்னால் செதில் பொறுக்குகிறார்.