முதல் மேடை வரை: ஓர் இசைக்குழுவைத் தொடங்குவது எப்படி?

நாலு பேர் சேர்ந்துவிட்டீர்கள். வாட்ஸ்அப் குரூப்பும் தயார். குழுவுக்கு என்ன பெயர், லோகோவை யார் வரைவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். பெயரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மாதம் ஒரு முறையாவது நாலு பேர் முன்னால் வாசிக்க ஓர் இடம் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ராக், ஹிப் ஹாப், மெல்லிசை, கர்நாடக இசை என்று எதை எடுத்தாலும், ஆரம்பத்தில் ஏதோ ஒரு மேடை இருந்திருக்கிறது. அந்த மேடைக்கு என்ன தேவைப்பட்டதோ, அதற்கேற்றபடிதான் பல குழுக்களின் இசையே அமைந்தது. அதனால் இந்தச் செய்முறையில் மேடை முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

படி 1: கூட்டம் ஏற்கெனவே எங்கே கூடுகிறது?

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு பார்ட்டி நடந்தது. பள்ளி திறக்கும் நேரம். புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் அதை ஏற்பாடு செய்தார். ரெக்கார்டு போட்டவர் அவருடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று இன்று கொண்டாடுவது அந்த நாளைத்தான். ஆட வந்தவர்கள் பாட்டின் நடுவில் தாளம் மட்டும் தனித்து வரும் இடத்துக்காகக் காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் மாற்றி மாற்றி ஓட்டி, அந்த இடத்தை நீட்டினார். ஆடுகிறவர்களுக்கு எது வேண்டும் என்பதிலிருந்துதான் அந்த உத்தியே வந்தது.

நம்மூர்க் கதையும் அப்படித்தான். இளையராஜாவின் அண்ணன், பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். இளையராஜாவும் மற்ற சகோதரர்களும் ஊர் ஊராகப் போய் வாசித்துக் கற்றது அந்தக் குழுவில். பிரசாரக் கூட்டத்துக்கு வந்தவர்களைப் பாட்டால் உட்கார வைக்க வேண்டும் என்பதே அங்கே பாடம். 1976இல் திரைப்பட இசையமைப்பாளராக அறிமுகமாவதற்கு முன் இளையராஜாவுக்கு இப்படிப் பல ஆண்டு மேடை அனுபவம் இருந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு தாளில் உங்கள் ஊரில் ஆட்கள் வழக்கமாகக் கூடும் இடங்களை எழுதுங்கள்: கோயில் திருவிழா, தேவாலய ஆண்டு விழா, கல்லூரிக் கல்ச்சுரல்ஸ், குடியிருப்புச் சங்கத்தின் பொங்கல் விழா, கல்யாண ரிசப்ஷன், ஓப்பன் மைக் வைக்கும் கஃபே. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் முடிவெடுப்பவர் என்று எழுதுங்கள். விழாக் கமிட்டிச் செயலாளரா, கஃபே மேனேஜரா, மாணவர் மன்றத் தலைவரா? அதில் இரண்டு இடங்களுக்குக் கேட்பவராக முதலில் போய் வாருங்கள். எத்தனை மணிக்குக் கூட்டம் கலைகிறது, எந்தப் பாட்டுக்கு ஃபோனை எடுக்கிறார்கள், மைக் செட் யாருடையது என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

கர்நாடக இசைக்கு வழி வேறு. அங்கே குருதான் முதல் மேடை, அரங்கேற்றம் இரண்டாவது. அப்புறம் உள்ளூர்க் கோயில் கச்சேரி, போட்டிகள், சென்னை மார்கழி சீசனில் சபாக்களின் மதிய நேர வாய்ப்பு. இளம் கலைஞர்களின் இந்த மதியக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. முன்வரிசையில் நாலு மாமாக்களும் உங்கள் அம்மாவும் மட்டுமே இருக்கலாம். ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் இன்னொரு சபாவின் செயலாளராக இருப்பதும் உண்டு. திருவையாறு ஆராதனையில் இளம் கலைஞர்களுக்குச் சில நிமிடங்களாவது பாடக் கிடைக்கிறது. ஆகாசவாணி ஆடிஷனில் தேறினால் ‘பி’ கிரேடில் தொடங்கி மேலே போகலாம். அந்தக் கிரேடைச் சபாக்கள் இன்னும் மதிக்கின்றன. ஒரு விஷயத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை: பாடகரைவிட மிருதங்கமோ வயலினோ வாசிப்பவருக்கு மேடை சீக்கிரம் கிடைக்கும். எல்லாக் கச்சேரிக்கும் பக்கவாத்தியம் வேண்டுமே.

படி 2: ஆள் சேர்ப்பது

1976இல் டப்ளினில் 14 வயது லாரி மல்லன் தன் பள்ளி அறிவிப்புப் பலகையில் ‘வாசிக்க ஆட்கள் தேவை’ என்று ஒரு தாளை ஒட்டினார். வந்தவர்கள் அவர் வீட்டுச் சமையலறையில் கூடினார்கள். அதுதான் யு2. 1981இல் லாஸ் ஏஞ்சல்ஸில் லார்ஸ் உல்ரிக் ஒரு வரி விளம்பரப் பத்திரிகையில் டிரம்மர் என்று தன்னைப் பற்றி விளம்பரம் கொடுத்தார். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு கிடைத்தார், மெட்டாலிகா பிறந்தது. 1957 ஜூலையில் லிவர்பூலின் வூல்டன் தேவாலய விழாவில் ஜான் லெனனின் குழு வாசித்தபோது, நண்பர் ஒருவர் பால் மெக்கார்ட்னியை அழைத்துவந்து அறிமுகம் செய்தார். பின்னாளில் பீட்டில்ஸ் ஆனது அந்தக் குழுதான்.

யு2, பீட்டில்ஸ் இரண்டிலும் சேர்ந்தவர்கள் அக்கம்பக்கத்து ஆட்கள். அதனால் தாம்பரத்தில் இருந்துகொண்டு திருவள்ளூர் கிதார்காரரைத் தேடாதீர்கள். எவ்வளவு நன்றாக வாசித்தாலும் மூன்றாவது ஒத்திகைக்கு அவர் வரமாட்டார். வாசிப்பு சுமாராக இருந்தாலும் நேரத்துக்கு வருகிறவரே மேல் என்பது என் கட்சி. வாசிப்பு ஆறு மாதத்தில் தேறிவிடும், நேரம் தவறும் பழக்கம் தேறாது.

எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்துக்குள் இருக்கட்டும். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் 19 பேர். கானா, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில். ஆனால் அதற்குப் பின்னால் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் தென்மாவும் இருந்தார்கள். அந்த மாதிரிப் பக்கபலம் இல்லாமல் 19 பேரைக் கட்டி மேய்க்க முடியாது.

முதல் நாளே இரண்டு பொறுப்புகளைப் பிரித்துவிடுங்கள்: வெளியாட்களிடம் பேசுபவர் ஒருவர், பணக்கணக்கு வைப்பவர் இன்னொருவர். இரண்டும் ஒரே ஆளிடம் வேண்டாம்.

படி 3: கருவிகள்

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். லெனனின் முதல் குழு வாசித்த ஸ்கிஃபிள் இசையில் துணி துவைக்கும் பலகையும் தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய பேஸும்தான் பக்கவாத்தியம். டிரம் செட், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் வாங்காதீர்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம்களில் அவை இருக்கும். சொந்தமாக வேண்டியவை: நல்ல கேபிள் இரண்டு, மாற்றுக் கம்பிகள், ட்யூனர் ஆப், பாடகருக்கு ஒரு டைனமிக் மைக், நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

படி 4: ஒத்திகை

பெரும்பாலான குழுக்கள் கலைவது இங்கேதான். காரணம் சண்டை இல்லை, சலிப்பு. இரண்டு மணி நேர வாடகையில் ஒன்றரை மணி நேரம் ‘அந்த கிதார் கார்டு என்ன?’ என்ற கேள்வியிலேயே போய்விடும். பாட்டை வீட்டில் கற்றுக்கொண்டு வருவது, சேர்ந்து வாசிப்பதை மட்டும் ஒத்திகையில் பழகுவது என்பதைச் சட்டமாகவே வையுங்கள்.

முதலில் சுருதியை முடிவு செய்யுங்கள். மூலப் பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் உங்கள் பாடகருக்கு எது ஒத்துவருமோ அதுதான் உங்கள் சுருதி. மெல்லிசைக்காரர்கள் கட்டைக் கணக்கில் பேசுவார்கள். 1 கட்டை என்றால் கீபோர்டில் ‘சி’, ஒன்றரை ‘சி ஷார்ப்’, 5 என்றால் ‘ஜி’. ஆண்கள் பலருக்கு ஒன்று, ஒன்றரையும் பெண்கள் பலருக்கு ஐந்து, ஐந்தரையும் வசதி. எந்தப் பாட்டு எத்தனை கட்டை என்று பட்டியலாக எழுதி எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தொடக்கமும் முடிவும். பாட்டின் நடுவில் தவறினால் கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாலு பேரும் நாலு இடத்தில் நிறுத்தினால் பஜ்ஜிக் கடைக்காரருக்கும் தெரியும். யார் எண்ணித் தொடங்குகிறார், யார் கையைப் பார்த்து முடிக்கிறோம் என்பதை மட்டும் தனியாகப் பத்து முறை பழகுங்கள். சீராகத் தாளம் தட்டித் தரும் மெட்ரனோம் போட்டு ஒரு சுற்று, போடாமல் ஒரு சுற்று. ஃபோனை அறையின் தூர மூலையில் வைத்துப் பதிவு செய்து, அன்றே கேட்காமல் மறுநாள் கேளுங்கள்.

எந்தப் பாட்டுகள்? 40 நிமிடத்துக்கு எட்டிலிருந்து பத்துப் பாட்டு போதும். இங்கேதான் படி 1இல் நீங்கள் தேர்ந்த மேடை பேசும். திருவிழா மேடையில் சினிமாப் பாட்டு இல்லாமல் தப்ப முடியாது. நியூயார்க்கின் சி.பி.ஜி.பி. கிளப்பிலோ நேர் எதிர். அங்கே சொந்தப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும் என்று உரிமையாளர் ஹில்லி கிறிஸ்டல் எதிர்பார்த்தார். 1974இல் அங்கே வாசிக்கத் தொடங்கிய ரமோன்ஸ் குழுவின் பாட்டுகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான். 1976இல் வந்த முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம்தான். எதைச் சுருக்கமாக, வேகமாக, தங்களால் வாசிக்க முடியுமோ அதையே அவர்கள் தங்கள் பாணியாக்கிக்கொண்டார்கள்.

நம் ஊர் நிலவரத்தில் தெரிந்த பாட்டு எட்டு, சொந்தப் பாட்டு இரண்டு என்று வைக்கலாம். சொந்தப் பாட்டை முதலில் வைக்காதீர்கள், கடைசியிலும் வேண்டாம். மூன்றாவதும் ஆறாவதும் சரியான இடம். அதற்குள் கூட்டம் உங்கள் பக்கம் வந்திருக்கும்.

படி 5: மேடை நாள்

மைக் செட்காரரிடம் இரண்டு நாள் முன்பே பேசுங்கள். ஒரு தாளில் மேடைப் படம் வரைந்து அனுப்புங்கள்: யார் எங்கே நிற்கிறார், எத்தனை மைக், கீபோர்டுக்கு எத்தனை லைன், பிளக் பாயின்ட் எங்கே வேண்டும். அண்ணன் என்று கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, வந்தவுடன் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்கள் சத்தம் அவர் கையில்.

சவுண்ட் செக்கில் ஒவ்வொருவராக: டிரம்ஸ், பேஸ், கிதார், கீபோர்டு, கடைசியில் குரல். அப்புறம் எல்லோருமாக, இருப்பதிலேயே சத்தமான பாட்டில் ஒரு நிமிடம். ஒருவர் செக் செய்யும்போது மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். புதிய குழுவை அடையாளம் காட்டிக்கொடுப்பதே அந்த நேரத்தில் எழும் ‘டொய்ங் டொய்ங்’ தான். ஸ்பீக்கரில் கூவல் வந்தால், மைக் மானிட்டரை (வாசிப்பவர்கள் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை) பார்த்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திறந்தவெளியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. விழா தாமதமாகத் தொடங்கினால் வெட்டப்படுவது உங்கள் நேரம்தான். ஆகவே 40 நிமிடப் பட்டியலோடு 20 நிமிடப் பட்டியல் ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

நேர்மாறாக, நேரம் அதிகமாகவும் கிடைக்கலாம். 1960இல் பீட்டில்ஸ் ஹாம்பர்க் போனபோது, கிளப்பில் ஒவ்வோர் இரவும் மணிக்கணக்கில் வாசிக்க வேண்டியிருந்தது. கைவசம் இருந்த பாட்டு தீர்ந்துபோகும். இருப்பதை நீட்டினார்கள், புதிதாகக் கற்றார்கள், குடித்துவிட்டுக் கத்துபவர்களைச் சமாளித்தார்கள். ஊர் திரும்பியபோது லிவர்பூல்காரர்களுக்கு அது வேறு குழுவாகத் தெரிந்தது. அதனால் யாராவது சம்பளம் குறைவாக, நேரம் அதிகமாகக் கொடுத்தால், முதல் வருடத்தில் மட்டும், யோசிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பணமும் காகிதமும்

போக்குவரத்துச் செலவையாவது முன்பணமாகக் கேளுங்கள். வருகிற பணத்தில் ஒரு பங்கைக் குழுவின் பொதுக் கணக்குக்கு எடுத்துவிட்டு மீதியைச் சமமாகப் பிரியுங்கள்.

சொந்தப் பாட்டு முடிந்த அன்றே வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பாக இருக்கும்போது ஐந்து நிமிட வேலை, பாட்டு ஓடிய பிறகு வக்கீல் வேலை. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் 1969 முதல் இருக்கிறது; பாட்டு வெளியானதும் உறுப்பினராகுங்கள். அடுத்தவர் பாட்டை மேடையில் வாசிப்பதற்கான உரிமத்தைப் பொதுவாக நிகழ்ச்சி அமைப்பாளர்தான் வாங்குவார். வாங்கியாயிற்றா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

படி 7: பதிவு செய்து வெளியிடுவது

நாலைந்து மேடைக்குப் பிறகே இதற்கு வாருங்கள். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் திரும்பிப் பார்த்தது என்று அதற்குள் தெரிந்திருக்கும். அந்த ஒன்றை மட்டும் பதிவு செய்யுங்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஹெட்ஃபோன், இலவச மென்பொருள் ஒன்று இருந்தால் வீட்டிலேயே முடியும். மின்விசிறியை நிறுத்துங்கள். டிரம்ஸை மட்டும் ஸ்டுடியோவில் எடுப்பது நல்லது.

ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் வீட்டை ஒட்டி ஸ்டுடியோ கட்டினார். சிவமணி போன்றவர்களோடு குழுவில் வாசித்ததும், பிற இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்ததும், விளம்பர ஜிங்கிள்களுமாக இருந்த காலம் அது. முதல் படம் 1992இல் வந்தது. ஜிங்கிள், குறும்படம், கல்யாண வீடியோ என எது வந்தாலும் எடுத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். முப்பது வினாடியில் ஒரு மெட்டைச் சொல்லி முடிக்க வேறெங்கும் பயிற்சி கிடைக்காது.

பாட்டை ‘வேவ்’ கோப்பாக, சதுர அட்டைப் படத்தோடு டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனம் ஒன்றின் வழியாக ஏற்றினால் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கெல்லாம் அது போய்விடும். வெளியீட்டுத் தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பரிந்துரைக்கக் குறைந்தது ஏழு நாள் அவகாசம் வேண்டும். வீடியோவுக்குக் கடன் வாங்காதீர்கள். ஷெஃபீல்டின் ஆர்க்டிக் மங்கீஸ் தங்கள் டெமோ சிடிக்களைக் கச்சேரிக்கு வந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள். ரசிகர்கள் அவற்றை இணையத்தில் பகிர்ந்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த விளம்பரம்.

படி 8: அடுத்த தேதி

முதல் மேடை முடிந்த மறுநாள் காலையில், தூங்கி எழுந்தவுடன், அமைப்பாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். இப்படி:

‘வணக்கம் சார். நேற்று வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி. ஒரு நிமிட வீடியோ இணைத்திருக்கிறேன். அடுத்த மாத விழாவுக்கும் வர விருப்பம். ஐந்து புதுப் பாட்டு சேர்த்திருப்போம். எந்தத் தேதி வசதிப்படும் என்று சொன்னால் போதும்.’

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை ஃபோன் செய்யுங்கள். இரண்டாவது முறை வேண்டாம். படி 1இல் எழுதிய தாளில் அடுத்த பெயருக்குப் போங்கள்.