தூண்டில் ராடு கட்டும்போது எபாக்சி பால்போல் மங்கிவிட்டதா? நூலை அறுக்கும் முன் செய்ய வேண்டியவை

போன ஐப்பசியில் தேவனாம்பட்டினம் பக்கம், கெடிலம் கழிமுகத்தில் கொடுவா மீன் பிடிப்பதற்கென்று ஒரு தூண்டில் ராடு கட்டினேன். தூண்டில் நரம்பு ஓடும் ரிங்குகளை ராடோடு சேர்த்துக் கட்டக் கருநீல நைலான் நூல், ரிங்கின் காலை ஒட்டிப் பிசிறில்லாத சுற்று. இரவு அந்த நூலின் மேல் எபாக்சி (ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் கலந்த பூச்சு) பூசிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் நூல் முழுக்கப் பால் ஆடை படிந்ததுபோல் வெளுத்திருந்தது. வெளியே மழை விட்டபாடில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் மழைக்காலத்தில் ராடு கட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

1. மங்கல் மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா?

பூச்சு இறுகக் குறைந்தது 24 மணி நேரம், மழைநாள் என்றால் 48 மணி நேரம் விடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய துணியை நனைத்து ஒரே ஒரு ரிங் சுற்றை மட்டும் துடைத்துப் பாருங்கள். துடைக்கும் முன் விரலால் தடவினால் மெழுகு மாதிரி வழுக்குகிறதா? துடைத்ததும் நூலின் நிறம் திரும்புகிறதா? அப்படியென்றால் மங்கல் மேலேதான். ஹார்ட்னரில் இருக்கும் அமீன், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்குகிற படலம் அது. தண்ணீரில் கரைந்துவிடும்.

ராடு முழுவதையும் இப்படியே கழுவி, நன்றாக உலர்த்தி, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து இன்னொரு பூச்சு கொடுங்கள். நூல் தெரியும் அளவுக்குத் தேய்க்காதீர்கள். கழுவுவதற்கு முன்னால் தேய்க்கவும் கூடாது. படலம் கீறல்களுக்குள் அப்பிக்கொள்ளும்.

2. துடைத்தும் போகவில்லையா?

மொபைல் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தால் காற்றுக்குமிழி, வேகமாகக் கலக்கியதால் வந்தது. நூலோடு நூலாக வெள்ளைக் கீற்று ஓடினால் எபாக்சி உள்ளே ஊறவில்லை, அல்லது நூலின் நிறம் மாறாமலிருக்க முதலில் தடவும் கலர் பிரிசர்வர் காய்வதற்குள் எபாக்சி பூசிவிட்டீர்கள். குமிழி கொஞ்சம்தான் என்றால் தேய்த்து மறுபூச்சு போதும். நூலுக்குள்ளேயே வெளுத்திருந்தால் மேலே எத்தனை பூச்சு கொடுத்தாலும் போகாது, பிரிக்கத்தான் வேண்டும்.

3. பிரிப்பது

ஹேர் டிரையரால் சூடு காட்டினால் எபாக்சி இளகும். பிளேடை ரிங்கின் உலோகக் காலுக்கு நேர் மேலே வைத்துக் கீறுங்கள். அந்தக் கால்தான் பிளாங்கில், அதாவது ராடின் தண்டில், பிளேடு படாமல் காக்கும். பிளாங்கில் சின்னக் கீறல் விழுந்தாலும் மீன் இழுக்கும்போது அங்கேதான் ஒடியும், அதனால் இங்கே அவசரமே வேண்டாம். நகத்தால் உரித்து எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புது நூல் சுற்றுங்கள்.

4. மறுபடி பூசும்போது

ஏசி அறையில் குளிர்ந்த ராடை வராண்டாவுக்குக் கொண்டுவந்தால் வியர்த்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. ராடு, ரெசின், ஹார்ட்னர் மூன்றையும் இரண்டு மணி நேரம் முன்பே ஒரே அறையில் வையுங்கள். கடற்காற்று வராமல் ஜன்னலைச் சாத்துங்கள். ஏசியில் டிரை மோட் இருந்தால் அதைப் போடுங்கள், ஈரம் குறையும்.

சரிபாதி அளவு சொல்லும் எபாக்சி என்றால், சிரிஞ்சால் இதில் 3 மி.லி., அதில் 3 மி.லி. என்று எடுங்கள், கண் திட்டம் கூடாது. மெழுகு பூசிய பேப்பர் கப்பில் கலக்காதீர்கள், மெழுகு எபாக்சியில் இறங்கும். ஓரங்களையும் அடியையும் வழித்து மெதுவாக மூன்று, நான்கு நிமிடம் கலக்குங்கள். குமிழியை உடைக்க வாயால் ஊதவே வேண்டாம். மூச்சில் ஈரமும் கரியமில வாயுவும் இருக்கின்றன, அதே படலம் மறுபடி வரும். ஸ்பிரிட் விளக்கின் சுடரைப் பூச்சுக்குச் சற்றுக் கீழே ஒரு நொடி காட்டி எடுங்கள், குமிழி தானாக உடையும்.

முதல் பூச்சு மெல்லியதாக, நூல் குடிக்கும் அளவுக்கு மட்டும். எபாக்சி வழியாத நிலைக்கு வரும்வரை ராடு மெதுவாகச் சுழன்றபடியே இருக்கட்டும். கையில் ஒட்டாமல் போனதும் உடனே மீன் பிடிக்க எடுத்துப் போக ஆசை வரும். நான் ஒரு வாரம் கழித்துத்தான் கழிமுகத்துக்கு எடுத்துப் போகிறேன்.