வீட்டு கம்ப்யூட்டர்ல கிளைமேட் மாடல் ஓட்டுறவங்களுக்கு

ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டிக்காரங்க 2003ல ஆரம்பிச்ச கிளைமேட்பிரெடிக்ஷன் டாட் நெட், பூமியோட தட்பவெப்பம் எப்படி மாறும்னு கணக்குப் போடுற கிளைமேட் மாடலை மக்களோட கம்ப்யூட்டர்ல ஓட்டுற திட்டம். இதுல சேரணும்னா, அந்த வேலையை வாங்கி நம்ம சிஸ்டத்துல ஓட்டுற பாயின்க் (BOINC)னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டா போதும். ஒரே மாடலை சின்ன சின்ன மாத்தம் பண்ணி ஆயிரக்கணக்கான தடவை ஓட்டினாதான் எது நடக்க வாய்ப்பு அதிகம்னு கணிக்க முடியும், அதுக்குத்தான் நம்ம சிஸ்டமும் வேணும்.

இதுல ஒரு வேலை முடிய நாள்கணக்கா, சிலது வாரக்கணக்கா ஆகும், அதனால முக்கியமா இதை கவனிங்க: சிஸ்டத்தை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி பாயின்க்ல வேலையை சஸ்பெண்ட் பண்ணி (தற்காலிகமா நிறுத்தி), ஒரு நிமிஷம் விட்டு, அதுல இருந்து வெளிய வந்துட்டு அப்புறம் ஷட்டவுன் குடுங்க, சும்மா பட்டுன்னு ஆஃப் பண்ணா மாடல் எழுதிட்டு இருக்கிற ஃபைல் பாதியில நின்னு, அத்தனை நாள் ஓடினது வீணாப் போக வாய்ப்பு இருக்கு, பாவம் அந்த ரிசல்ட்டுக்காக அங்க ஒருத்தர் காத்துட்டு இருப்பார். கரண்ட் அடிக்கடி போற ஊர்னா யூபிஎஸ் இல்லாம ஓட்டாதீங்க. செட்டிங்ஸ்ல, நிறுத்தி வச்ச வேலையை மெமரியிலயே வச்சிருக்கிற ஆப்ஷனை டிக் பண்ணிடுங்க, ரேம் தாராளமா இருந்தா இது ரொம்ப நல்லது. லேப்டாப்னா சூடாகும், ப்ராசசர்ல இருக்கிற எல்லா கோரையும் (core) இதுக்குக் குடுக்காம பாதி குடுங்க. கரண்ட் பில்லும் கொஞ்சம் ஏறும், வீட்ல முதல்லயே சொல்லிடுங்க.