பழைய போர்ப் படம் வாங்கப் போகிறீர்களா? காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காகப் போரிட்ட கறுப்பினச் சிப்பாய்களின் படங்களைச் சேகரிப்பவரா நீங்கள்? பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். அந்தக் காலத்தில் உலோகத் தகட்டில் எடுத்த படத்துக்கு டின்டைப் என்று பெயர். பெயரில்தான் 'டின்' (தகரம்). உள்ளே இருப்பது மெல்லிய இரும்புத் தகடு. மேல் கண்ணாடியைக் கழற்றாமலே காந்தத்தை லேசாக வைத்தால் இழுப்பு தெரியும். இழுக்கவில்லையா? கண்ணாடியில் எடுத்த அம்ப்ரோடைப்பாக இருக்கலாம், இந்தக் காலத்து அலுமினியத் தகடாகவும் இருக்கலாம். விலை பேச அவசரப்படாதீர்கள்.

அப்புறம் இடுப்புவார் கொக்கி. டின்டைப்பில் உருவம் இடவலம் மாறித்தான் விழும். கொக்கியில் 'யு.எஸ்.' எழுத்து நேராகத் தெரிந்தால், அது படத்தைப் பார்த்து எடுத்த படமோ என்று கேளுங்கள். அட்டையில் ஒட்டிய காகிதப் படமென்றால் பின்பக்கம் திருப்புங்கள்: வரி ஸ்டாம்ப் இருந்தால் பெரும்பாலும் 1864 செப்டம்பர் முதல் 1866 ஜூலை வரை விற்றது.

கண் பழக, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் லில்யென்குவிஸ்ட் தொகுப்பை இணையத்தில் இலவசமாகப் பாருங்கள். மனைவியோடும், ஒரே மாதிரி கோட்டும் தொப்பியும் போட்ட இரண்டு மகள்களோடும் ஒரு சிப்பாய் உட்கார்ந்திருப்பார். பல காலம் பெயர் தெரியாமலிருந்த அவர், சார்ஜென்ட் சாமுவேல் ஸ்மித் என்று பின்னர் அடையாளம் காணப்பட்டார்.