பைட்டை எழுத்தென்று எண்ணாதீர்கள்: தரவுச் சுருக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மாலை நேரங்களில் என்னிடம் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள், தரவைச் சுருக்கும் ஹஃப்மன் குறியீட்டுக்கு வந்ததும் நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். அடிக்கடி வரும் குறிக்குக் குட்டையான பிட் (0 அல்லது 1) வரிசையும் அரிதானதற்கு நீளமானதும் தர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வரிசைகளைத் தரும் கிளை வரைபடமான மரத்தைத் தப்பாகக் கட்டுவது போன்ற பிழைகளை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதைக் குறியாக எண்ணுகிறோம்?

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். எழுத்துகளைப் பைட்டுகளாக (8 பிட் தொகுதிகளாக) சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'அம்மா' என்ற சொல் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகளாகவும், குறிக்கு 3 வீதம் 15 பைட்டாகவும் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175 என்பதால் அதில் 1 பிட்டுக்கு மேல் செய்தி இல்லை. எந்த எழுத்து என்பதைப் பெரும்பாலும் மூன்றாவது பைட்தான் சொல்கிறது. ஆனால், பைட்டுகளைத் தனித்தனியாக எண்ணிக் கட்டிய ஹஃப்மன் மரத்தில் ஒரே ஒரு குறிக்குத்தான் 1 பிட் கிடைக்க முடியும் என்பதால், முதல் இரண்டு பைட்டுகளுக்கு மட்டுமே எழுத்துக்குக் குறைந்தது 3 பிட் செலவாகிவிடுகிறது.

ஊர்ச் சங்கமொன்றின் பழைய அறிவிப்புகளை இப்படிச் சுருக்கியபோது கோப்பு எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. மூன்று நாள் மரம் கட்டும் பகுதியில் பிழை தேடினேன். கடைசியில் நிகழ்வெண் அட்டவணையை அச்சிட்டுப் பார்த்தால், உச்சியில் 224, அதற்குக் கீழே 174. மரத்தில் பிழையே இல்லை, எண்ணியதில்தான் பிழை. பைட்டுகளுக்குப் பதில் அ, ம, புள்ளி போன்ற யூனிகோடு குறிகளை எண்ணி மீண்டும் கட்டியபின்தான் கோப்பு இறங்கியது. நிரல் எழுதும் முன் இந்த அட்டவணையைக் கண்ணால் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

சுழியை அட்டவணையில் விடாதீர்கள்

எங்கள் பக்கத்து அறிவிப்பில் தமிழுக்கு நடுவே மலையாளம் வந்துவிடும். தமிழை மட்டும் எண்ணிச் செய்த நிலையான அட்டவணையில் மலையாள எழுத்துக்குக் குறியீடே இராது. முதல் 'ക' வந்ததும் நிரல் நின்றுவிடும். வரக்கூடிய ஒவ்வொரு குறிக்கும் குறைந்தது 1 என்று எண்ணிக்கை கொடுங்கள்.

மறையாக்கம்

பிறர் படிக்க முடியாதபடி தரவை மறையாக்கவும் வேண்டுமானால், முதலில் சுருக்குங்கள், பிறகு மறையாக்குங்கள். மறையாக்கிய தரவில் எல்லாக் குறிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் வருவதால், அதன்பின் சுருக்க எதுவும் இராது.

இரண்டே குறிகள் உள்ள தரவு

தென்னந்தோப்பு மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்ற பதிவில் 95 விழுக்காடு 'இல்லை' என்றால், ஒவ்வொரு பதிவையும் தனியாகப் பார்க்கையில் தகவல் கோட்பாட்டை நிறுவிய ஷானன் 1948இல் வகுத்த அளவுப்படி அதற்கு ஏறத்தாழ 0.29 பிட் போதும். ஹஃப்மனோ 1 பிட்டுக்குக் கீழே இறங்காது. பதிவுகளை எட்டெட்டாகச் சேர்த்து ஒரு குறியாக்குங்கள், அல்லது தரவு முழுவதையும் ஒரே எண்ணாகக் குறிக்கும் எண்கணிதக் குறியீட்டுக்கு மாறுங்கள்.